புள்ளி ஆறு இரண்டு

நீட்டிய கையைப் பிடித்து முறுக்கினார் வேதியியல் பேராசிரியர். "சமாதானம் பேசுறியா?" என்றபடி புள்ளியியல்காரரின் முகத்தை மேசையில் ஓங்கி மோதினார். மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் கீபோர்டை நனைத்தது.

"சார்... சொல்றதைக் கேளுங்க..."

"என்னத்தைக் கேக்க? நாளைக்கு இயக்குநர் நாற்காலியில உக்கார வேண்டியவன்டா நான்!"

அந்த நாற்காலிக்கு இவரும் இயற்பியல் பேராசிரியரும் போட்டி. இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளையும் மற்றவர்கள் தாராளமாக மேற்கோள் காட்டியிருந்தார்கள். அந்த மேற்கோள்கள் தானாக வந்தவையா, சொல்லிவைத்து வரவழைத்தவையா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை புள்ளியியல்காரர் தலையில் விழுந்தது. பாவம், மனுஷர் அதை ஒழுங்காகச் செய்து தொலைத்தார்.

முடிவு கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. இயற்பியல் 0.001, வேதியியல் 0.62. உள்ளே நுழைந்ததும் இவர் கண்ணில் பட்டது அதுதான்.

"அந்த ஆளுக்கு ஒண்ணுமே இல்ல, எனக்கு மட்டும் புள்ளி ஆறு ரெண்டா? நூத்துக்கு அறுபத்திரெண்டு பங்கு திருடனாடா நான்?"

நாற்காலியைத் தூக்கி அடித்தார். இருநூறு கட்டுரை எழுதிய கை, அடியும் கனமாகவே விழுந்தது. தடுக்கப் போன முழங்கை மளுக்கென்று முறிந்தது.

அலறல் கேட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் நின்றவர், ஓய்வுபெறப் போகும் இயக்குநர். வெறி தலைக்கேறியவருக்கு வாசல் எங்கே தெரியும்?

"ஆமாண்டா! என்கிட்ட படிக்கிற பசங்களை மிரட்டித்தான் எழுத வச்சேன். என் கட்டுரையை மேற்கோள் காட்டலைன்னா பட்டம் கிடையாதுன்னேன். கண்டுபிடிச்சிட்டல்ல? போ, போய்ச் சொல்லு!"

கழுத்தை மிதிக்கக் காலைத் தூக்கியவரை நாலைந்து பேர் பாய்ந்து இழுத்துப் பிடித்தார்கள். புள்ளியியல்காரர் சுவரில் சாய்ந்து, உடைந்த பல்லைத் துப்பினார்.

"அந்த நம்பருக்கு என்னய்யா அர்த்தம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் இயக்குநர்.

"யாரும் சொல்லிவைக்காம, தற்செயலாவே இந்த அளவு மேற்கோள் வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு காட்டுது சார். ரொம்பச் சின்னதா இருந்தாத்தான் சந்தேகம்."

மூச்சு வாங்கியது. வீங்கிய கண்ணைத் திறந்து வேதியியல் பேராசிரியரைப் பார்த்தார்.

"வாழ்த்துச் சொல்லத்தான் சார் கை நீட்டினேன்."