பத்தொன்பது புகார்

"தம்பி, மறுபடியும் விளம்பரம் வருது. வந்து பாருங்க."

கறார் மேடத்தின் குரல். அந்த டிராவல் ஏஜென்சியில் இருபது வருஷமாக டிக்கெட் போடுகிறவர். பெயரை யார் வைத்தார்களோ, பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். இந்த மாதத்தில் இது பதினேழாவது தடவை.

திரையில் விமான நேரம் காட்டும் பக்கம். ஓரத்தில் உடம்பு இளைக்க மாத்திரை, கீழே குலுங்கி ஆடும் கார், நடுவில் 'வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்!'

"மேடம், விளம்பரத் தடுப்பானை யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க."

"அப்படியா? சரி பண்ணுங்க. நான் புகார் எழுதிட்டேன்."

அந்த 'எழுதிட்டேன்'தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கோளாறு என்றாலும் படிவத்தில் பதிய வேண்டும். அது நேரே தலைமை அலுவலகத்துக்குப் போகும். அவனோ ஒப்பந்த ஊழியன். வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று இந்த மாதக் கடைசியில்தான் அங்கே முடிவு செய்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்தத் தடுப்பானை அவன் ஏனோதானோ என்று தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து மூன்றைப் போட்டுப் பார்த்தான். முதலாவது, பணம் கட்டிய கம்பெனிகளின் விளம்பரத்தை மட்டும் ராஜ மரியாதையோடு உள்ளே விட்டது. இரண்டாவது, பக்கத்துக்குப் பின்னால் ஓடும் ஸ்கிரிப்ட் அத்தனையையும் முடக்கியது; விளம்பரம் போயிற்று, கூடவே பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டமும் போயிற்று. மூன்றாவதுதான் களையை மட்டும் பிடுங்கியது.

அதைப் போட்டதும் மனைவி தான் வழக்கமாகப் பார்க்கும் நாடகத் தளத்தைத் திறந்தாள். "ஏங்க, நெட் போயிடுச்சா? ஒண்ணுமே குதிக்கலை?" என்று கேட்டாள். அவனுக்கு அதைவிட வேறு சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதம் ஒன்றாம் தேதி அலுவலகத்தின் ஒன்பது கம்ப்யூட்டர்களிலும் அதைப் போட்டான். அதுவரை மாதம் நாற்பது, ஐம்பது புகார் வரும். அதற்குப் பிறகு எட்டுப் பேர் அவன் இருப்பதையே மறந்துபோனார்கள். கறார் மேடம் மட்டும் மறக்கவில்லை.

"அவங்களுக்கு உங்க மேல என்னங்க கோபம்?" என்றாள் மனைவி.

"அதான் புரியலை. பார்த்தா சிரிக்கிறாங்க, டீ வாங்கித் தராங்க. இந்தப் பக்கம் திரும்பினா புகார்."

"யாரும் அணைக்க முடியாதபடி பூட்டிடுங்களேன்."

பத்தொன்பதாவது புகாரைச் சரிசெய்த கையோடு பூட்டிவிட்டான். அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது.

மறுநாள், மாதத்தின் கடைசி வேலை நாள். காலையிலிருந்தே மேடத்தின் மௌஸ் டக்டக்கென்று சத்தம் போட்டது. கடைசியில் எழுந்து அவன் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இதை யாரைக் கேட்டுப் பூட்டினீங்க?"

"யாரோ அணைக்கிறாங்களே, அவங்களுக்காகத்தான் மேடம்," என்றான் அழுத்தமாக.

மேடத்தின் முகம் சிவந்தது. விறுவிறுவென்று மேலாளர் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. 'முடிஞ்சது கதை' என்று நினைத்துக்கொண்டான். ஐந்தே நிமிடத்தில் அவனுக்கும் அழைப்பு வந்தது.

"பூட்டிட்டியாமேப்பா?" என்றார் மேலாளர்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. "சார், பத்தொன்பது புகாரும் மேடம் எழுதினதுதான். அவங்களே அணைக்கிறாங்க, அவங்களே எழுதறாங்க. எனக்கு இந்த வேலை வேணும் சார்!"

மேலாளர் ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினார். தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை. 'மாதத்துக்கு இருபது புகாருக்குக் குறைவாக வரும் கிளைகளுக்கு, கணினிப் பராமரிப்புக்குத் தனி ஆள் தேவையில்லை.'

இரண்டு முறை படித்தான்.

"நீ நல்லதாப் பார்த்துப் போட்டே. யாருக்கும் உன்கிட்ட வேலையே இல்லாமப் போச்சு," என்றார் மேலாளர். "இதைப் படிச்ச நாள்லேருந்து மேடம் அணைக்க ஆரம்பிச்சாங்க."

இவரையா இத்தனை நாள் மனதுக்குள் திட்டினோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?" என்று அங்கேயே நின்றிருந்தவரின் பக்கம் திரும்பினான்.

"சொன்னா விட்டிருப்பீங்களா? வேலையில ஒரு தூசி இருந்தாலும் உங்களுக்குப் பொறுக்காது."

"அணைக்காமலே ஏதாவது எழுதியிருக்கலாமே?"

"அதை நானும் கேட்டேன்," என்று சிரித்தார் மேலாளர். "பொய்ப் புகார் எழுத மாட்டாங்களாம். விளம்பரம் நிஜமா வந்த பிறகுதான் எழுதுவாங்களாம். இப்ப நீ பூட்டிட்டே. பத்தொன்பதுல நிக்குது."

"இப்பவே திறந்துடறேன் சார்!" அவன் பாதி எழுந்துவிட்டான்.

"உட்காரு. நல்லா செஞ்ச வேலையை உன் கையாலேயே கெடுக்காதே."

மேலாளர் கீபோர்டை இழுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டினார். "புகார் எண் இருபது. மேலாளர் அறை. விளம்பரத் தொல்லை தாங்க முடியவில்லை. உடனே ஆள் தேவை."

கறார் மேடம் அந்தப் பொய்யைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் எட்டிப் பார்த்தான். மேலாளரின் திரையில் மருந்துக்குக்கூட ஒரு விளம்பரம் இல்லை.