தொட்டிக்குப் புதுச் சாயம்

ரிங்லெட் மலையூரின் வாடகை வீட்டில் குளியல் தொட்டியின் சாயம் செதில் செதிலாக உரிந்து, குழந்தையின் முதுகைக் கீறியது.

"வீட்டுக்கார தவுக்கே செய்ய மாட்டார்லா. நானே செஞ்சிடறேன்," என்று பழைய சாயத்தைக் கரைக்கும் மருந்தோடு குளியலறைக்குள் போனான் ஹரிதாஸ்.

மனைவி யுவனேஸ்வரி தேநீரோடு வந்து கதவைத் தட்டினாள். சுரண்டும் சத்தம் நின்றிருந்தது; அலறினாள். பக்கத்து வீட்டு சின்னையா ஓடிவந்து கதவை உடைத்தார். ஹரிதாஸ் தொட்டிக்குள் கவிழ்ந்து கிடந்தான்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையசைத்தார். "மருந்தோட விஷக்காத்தும்மா. ஜன்னல் திறந்திருந்தா பிழைச்சிருப்பார்."

"குளிருதேன்னு அவனே சாத்தியிருப்பான், பாவம்," என்றார் சின்னையா.

ஹரிதாஸ் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான். கொடியில் துணி எடுக்கப் போன யுவனேஸ்வரிதான், இருமுகிறவனுக்குப் பனிக்காற்று ஆகாதே என்று, குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாமல் வெளியிலிருந்து அதைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.