நோயில்லாத நோயாளி

"கல்லீரல் வீங்கிப் போயிருக்கும்மா. இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். சிரிப்பை அடக்க அது வசதியாக இருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று போன வாரம்தான் அலுவலகத்தில் முழுப் பரிசோதனை செய்து எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சுகாதாரத் துறையில் அவள் வேலையே இதுதான். போலி டாக்டர் என்று புகார் வந்த இடங்களுக்கு நோயாளி வேஷத்தில் போய், நடந்ததை அதிகாரியிடம் ஒப்பிக்க வேண்டும். யார் போலி, யார் அசல் என்று முன்கூட்டி அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

சொல்ல வேறு வேண்டுமா? அண்ணனின் காலை ஒருவன் கட்டுப் போட்டே அழுக வைத்த நாளிலிருந்து இந்தப் போலிக் கூட்டத்தை அவளுக்கு வாசனையிலேயே தெரியும்.

"கல்லீரலாம் சார்!" ஜீப்பில் ஏறியதும் சொன்னாள். "காலைல முதல் ஆள் கிட்னின்னான். ரெண்டு மணி நேரத்துல வியாதி வீடு மாறிடுச்சு."

அதிகாரி சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது இடத்தில் அவள் உட்காருவதற்குள் ஊசியில் மருந்து ஏறிவிட்டது. கழிவறைக்குப் போவதாகச் சொல்லித் தப்பித்து வந்தாள். அங்கேயும் சுவரில் முத்திரை குத்திய காகிதம், கண்ணாடிச் சட்டத்துக்குள். அச்சடிக்க ஒரு கடை, சட்டம் போட ஒரு கடை. இவன்களுக்குப் படிப்பு முடிந்தது!

நாலாவது, சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வெற்றுச் சுவர். கசங்கிய சட்டை போட்ட ஆள் அவள் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை நிதானமாக அழுத்தினார்.

"எங்க வலிக்குது?"

"இங்க."

"இப்பதான் அந்தப் பக்கம்னீங்க." எழுந்து கையைக் கழுவினார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. லீவு வேணும்னா ஆபீஸ்ல கேளுங்க, எங்கிட்ட மருந்து கேக்காதீங்க. வெளிய நெஜமாவே வலியோட நாலு பேர் உக்காந்திருக்காங்க."

இந்த வேலையில் முதல்முறையாக அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜீப்புக்கு ஓடி வந்தாள்.

"சார், கடைசில ஒரு டாக்டரைப் பார்த்துட்டேன்!"

"தொட்டுப் பார்த்தாரா?"

"அவர் ஒருத்தர்தான் சார் ஒழுங்காப் பார்த்தார். எங்கண்ணனை அன்னைக்கு இவர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா இப்ப ரெண்டு காலோட நடந்திருப்பான்."

அதிகாரி அதையும் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு பூட்டையும் அரக்கையும் எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைப் பக்கம் நடந்தார்.

"சார், அங்க எதுக்கு? அந்த மூணு போலிங்களையும் பூட்டுங்க சார்!"

அவர் திரும்பாமலே சொன்னார்.

"அவங்க மூணு பேருக்கும் லைசென்ஸ் இருக்கும்மா."