மனைக்கு ஒரு குடும்பம்

"மாடி வூடு கட்ட வுட்டீங்கன்னா எங்க தெருவே மூச்சு முட்டிப் பூடும் மேடம்!" என்று மேசையைத் தட்டினார் சிங்காரவேல்.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய வேப்பந்தோப்பு நகர், மைன்ஸில் ஓய்வு பெற்றவர்கள் மனை வாங்கிக் கட்டிய இடம். எல்லாம் தனி வீடுகள். மனைக்கு ஒரு குடும்பம் என்பது விதி. அதைத் தளர்த்தலாமா என்று கேட்டுப்போக நகரமைப்பு அதிகாரி அகிலா சங்கக் கட்டடத்துக்கு வந்திருந்தார்.

தளர்த்தச் சொல்லி மனு கொடுத்தவர் சிங்காரவேலின் எதிர்வீட்டுப் பிரபாவதி.

"என் பொண்ணும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோட காடாம்புலியூர்ல கெடக்குறாங்க மேடம். ரெண்டு பேருக்கும் இங்கதான் காண்ட்ராக்ட் வேலை. வாடகைக்கு வூடு கெடைக்கல. மேல ஒரு வூடு கட்டிக் கொடுத்தா பக்கத்துலயே இருப்பாங்க."

"இன்னிக்குப் பொண்ணு வரும், நாளைக்கு ஊரே வரும்," என்றார் சிங்காரவேல். "மாடியில நின்னுகினு எங்க கொல்லையை எட்டிப் பாப்பாங்க."

"அப்படி என்னண்ணே இருக்கு உங்க கொல்லையில?"

"பலா மரம்!"

அரங்கம் சிரித்தது. பிரபாவதி பக்கம் மூன்று பேர்தான். சிங்காரவேலின் முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சிலர் ஷிப்ட் முடிந்து உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்கள்.

"நீங்க சொல்லுங்க, மாடி வந்தா என்ன கஷ்டம்?" என்று முன்வரிசையில் கொட்டாவி விட்ட கலைச்செல்வனைக் கேட்டார் அகிலா.

"தண்ணி பத்தாதுங்க. இப்பவே ஒரு குழாய்க்கு இருபது பேரு நிக்கிறோம்."

"வீட்டுக்கு வீடு குழாய் இருக்கே?"

"நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்கான் மேடம், தூக்கக் கலக்கம்," என்று முந்திக்கொண்டார் சிங்காரவேல்.

"சரி. மாடி வேண்டாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

சிங்காரவேல் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பின்னால் இருந்த கைகள் எல்லாம் மேலே போயின. பிரபாவதியின் முகம் வாடியது. மகள் இசைப்பிரியாவுக்குப் போன் போட்டு என்ன சொல்வது?

வாடிய முகத்தோடு எழுந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், அப்ப பழைய விதிதானே? மனைக்கு ஒரு குடும்பம்?"

"ஆமாம். இனிமே கண்டிப்பா. நாளைக்கே வீடு வீடா வந்து பார்ப்போம். கூடுதலா யார் குடியிருந்தாலும் உடனே காலி பண்ண வேண்டியதுதான்."

"அப்படிப் போடுங்க!" என்று கை தட்டினார் சிங்காரவேல்.

வேறு யாரும் தட்டவில்லை. கலைச்செல்வனின் தூக்கம் கலைந்திருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரபாவதி பக்கம் போட்டு உட்கார்ந்தான். அவன் பின்னாலேயே மற்ற நாற்காலிகளும் கிளம்பின. சிங்காரவேல் தனியே நின்றார்.

"என்னப்பா இது? இப்பத்தானே மாடி வேண்டாம்னு கை தூக்கினீங்க?" என்றார் அகிலா.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே," என்று சிங்காரவேலிடம் சொல்லிவிட்டு, அகிலா பக்கம் திரும்பினான் கலைச்செல்வன். "நாங்க அத்தினி பேரும் அண்ணன் வூட்டுக் கொல்லையில, அந்தப் பலா மரத்தடி ஷெட்டுலதான் மேடம் வாடகைக்குக் குடியிருக்கோம்."