குதிரைக் கண்ணின் ஓரம்

மதிய வெயில் கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவி நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறாள்; அவள் கட்டைவிரலின் கீழ் எண்ணும் கருவி டிக், டிக் என்கிறது. நான்கு இதழாக வெட்டி விரித்த குதிரையின் விழித்திரை கண்ணாடித் தகட்டில் பூப்போலக் கிடக்கிறது. பார்வை நரம்பு கிளம்பும் இடத்தில், நரம்புச் செல்களைத் தாங்கும் நட்சத்திரச் செல்கள் சாயமேறிப் பச்சைப் பசேலென்று நெருக்கியடித்து நிற்கின்றன. சற்றுத் தள்ளினால் ஒன்றுகூட இல்லை. டிக் நின்றுபோகிறது. “பெயிண்டரே, இதுலயும் ஓரத்துல சாயம் ஏறல.” சாயமேற்றுவதால் அந்தப் பெயர் பெற்றவர் குழாயடியில் குப்பி கழுவிக்கொண்டிருக்கிறார். திரும்பவில்லை. “நடுவுல ஏறின சாயம் ஓரத்துக்கு வரமாட்டேன்னு அடம் பிடிச்சுதாம்மா? அங்க ரத்தக்குழாய் இருக்கா, பாருங்க.” அவள் மறுபடி குனிகிறாள். ரத்தக்குழாய்களின் சிவப்பு இழைகள் நரம்பைச் சுற்றிச் சின்ன வட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. நட்சத்திரங்களும் அவற்றோடு நின்றுகொள்கின்றன. “எலிக் கண்ணு பூரா ரத்தக்குழாய், பூரா நட்சத்திரம். அதையே எண்ணிப் பழகிட்டேன்,” என்று முனகுகிறாள். குறிப்பேட்டில் ‘சாயம் ஏறவில்லை’ என்பதை அடித்துவிட்டுப் பூஜ்யம் எழுதுகிறாள். எழுதிய கை அப்படியே நிற்கிறது. “சாயம் ஏறலன்னு காலைல ரெண்டு தகடு தூக்கிப் போட்டேனே!” பெயிண்டர் குழாயை மூடுகிறார். கண்ணாடிக் கழிவு டப்பாவைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு ஜோடி கையுறையை உருவி நீட்டுகிறார்.