தட்டாமல் விட்ட பின்கதவு

பட்டறை வாசலில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. துருப்பிடித்த லாரிப் பாடியை வெல்டர் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். கணீரென்றால் நல்ல தகரம். சொத்தென்றால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. குறிகள் நிறைந்துவிட்டால் புதுப் பாடிதான் கட்ட வேண்டும். பின்னாலேயே போகிற லாரிக்காரர், அவர் திரும்பாத நேரம் பார்த்து ஒவ்வொரு குறியையும் உள்ளங்கையால் அழித்துக்கொண்டே வருகிறார், பாருங்கள். கல்யாணமான புதிதில், வீடு அமையும்வரை அவரும் மனைவியும் குடியிருந்தது இந்தப் பாடிக்குள்தான்.

“அண்ணே, நீங்க அழிச்சா துரு போயிருமா? வருசா வருசம் மேல மேல அடிச்சீங்களே, அந்தப் பெயிண்ட்டுதான் இதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு” என்கிறார் வெல்டர், திரும்பாமலே. “ஒட்டுப் போட்டா ஓடாதா தம்பி?” என்கிறார் லாரிக்காரர். “நடுரோட்டுல சரக்கு கொட்டினா யாரு அள்ளுறது? நானா?” என்கிறாள் கூட வந்திருக்கும் மனைவி. புதுசு கட்டச் சொல்லி வாய் வலிக்கச் சொன்னவள் அவள்தான். லாரிக்காரர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். மிச்சமிருப்பது பின்கதவு ஒன்றுதான். வெல்டர் சுத்தியலை ஓங்கும்போது அவள் குறுக்கே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்கிறாள்.

“இதைத் தட்ட வேணாம். மத்ததெல்லாம் புதுசா கட்டுங்க. இதை மட்டும் எப்படியாவது ஒட்டுப் போட்டு அதுல மாட்டிக் குடுங்க.”

“அண்ணி, இதுலதான் ஓட்டையே அதிகம்.”

“தெரியும். அப்போ விடிஞ்சிருச்சான்னு அது வழியாத்தானே பாப்போம்.”