பதினான்காம் நாள் இருமல்

ஊரடங்கில் தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தினமும் தொலைபேசியில் விசாரிப்பது சுகந்தியின் வேலை. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று மூன்றே கேள்விகள். எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட மேன்ஷனின் மூன்றாவது மாடியில் தனியாக மாட்டிக்கொண்ட வரதன், பதின்மூன்று நாளும் மூன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தில் ரசம் வைக்க மறந்ததையோ குழாயில் தண்ணீர் வராததையோ இழுத்து இழுத்துப் பேசுவார்.

“இன்னியோட முடிஞ்சுது சார். நாளைலேர்ந்து என் தொல்லை இருக்காது” என்றாள் சுகந்தி.

வரதன் இருமினார். அவளுக்குக் கேட்டதா என்று பார்ப்பதுபோல நிறுத்தி, மறுபடி இருமினார். அது நோயாளியின் இருமல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“மனசு கஷ்டமா இருந்தா பேசறதுக்கு ஒரு நம்பர் இருக்கு சார். தரட்டுமா?”

“அவங்க தினமும் கூப்பிடுவாங்களா?”

“இல்ல சார். நீங்கதான் கூப்பிடணும்.”

அதற்கும் அவர் இருமினார்.

“சார், இருமல்னு நான் எழுதினா வண்டி வந்து முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிடும். நிஜமாவே நோய் வந்தவங்க நடுவுல படுக்கணும்.”

“எத்தன பேர் இருப்பாங்க?”

“ஒரு ஹாலுக்கு நாப்பது பேர்.”

“நாப்பது பேரா” என்றார் வரதன். இத்தனை நாளில் அவள் கேட்டிராத ஆசை அந்தக் குரலில் இருந்தது. “வண்டி எத்தன மணிக்கும்மா வரும்? பெட்டியக் கட்டி வெச்சிடறேன்.”

சுகந்தி இன்னும் எதையும் எழுதவில்லை. மறுமுனையில் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.